முகமூடிக்காரனோடு ஒரு தீபாவளி வாரம்

28 அக்டோபர் 2018, ஞாயிறு

‘வி ஃபார் வெண்டெட்டா’ காமிக்ஸ் ஒருவழியாகக் கையில் கிடைத்தது. அதை வைத்து எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் நாயகன் ‘வி’ போடும் முகமூடியைப் பற்றியேதான் பேசுவார்கள், எனக்கோ எழுத்தாளர் ஆலன் மூர் கதையில் வரும் சர்வாதிகார அரசாங்கத்தைக் கட்டியிருக்கும் விதம்தான் முதலில் பிடித்தது: ஒட்டுக்கேட்கும் இலாகாவுக்குக் காது என்று பெயர், கேமரா பார்ப்பது கண், துப்பறிவது மூக்கு, அடித்து இழுத்துப்போவது விரல். 1982இல் எழுதத் தொடங்கி, அணுப்போருக்குப் பிந்தைய 1997ஆம் வருட லண்டனில் நடப்பதாக வைத்த கதை.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் மின்தூக்கி வாசலிலும் போலீஸ் கேமரா உண்டு, 2016க்குள்ளேயே 10,000 அடுக்குமாடி புளோக்குகளில் மாட்டி முடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அது இருப்பதால்தான் நிம்மதி, வட்டிக்காரன் ஆட்கள் கதவில் சாயம் ஊற்ற வரமாட்டார்களாம். கதையிலும் பயந்துபோன சனங்கள்தான் அந்த ஆட்சிக்குத் தலையாட்டியவர்கள்.

31 அக்டோபர், புதன்

(கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.)

எம்ஆர்டி ரயிலில் சிறை அத்தியாயம் படித்தேன், இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. வி காப்பாற்றிய 16 வயதுப் பெண் ஈவி, மழித்த தலை, எலிப்பொந்து வழியே வரும் ஒரு கடிதம், கழிவறைத் தாளில் பென்சிலால் எழுதியது. கடைசியில் பார்த்தால் அது அரசாங்கச் சிறையே இல்லை, அவளை அடைத்துச் சித்திரவதை செய்தது வி! விடுதலை கற்றுக்கொடுக்கிறானாம். என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. மூர் மன்னிக்கச் சொல்வதாகவும் தெரியவில்லை.

ஓவியர் டேவிட் லாய்டு எண்ணக் குமிழே வேண்டாம் என்றுவிட்டார், ‘டமால்’ போன்ற சத்த எழுத்துகளும் கிடையாது. அதனால் அவள் அழும்போது இவன் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிய வழியே இல்லை, எல்லாக் கட்டத்திலும் முகமூடியின் அதே இளிப்பு.

5 நவம்பர், திங்கள்

1605இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸ் பிடிபட்ட நாள், வியின் முகமூடி அவன் முகம்தான், லண்டனில் இன்று வாணவேடிக்கை. இங்கே நாளை தீபாவளி, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் கால் வைக்க இடமில்லை. பட்டாசுக்கு 1972லேயே தடை, மத்தாப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகன் படம் மட்டும் பார்த்தவன்.

“சித்தி, அவன் கெட்டவங்களைத்தானே கொல்றான்?”

“ஈவி என்ன கெட்டது செஞ்சா?”

பதில் இல்லை. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கலர் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்றான். கறுப்பு வெள்ளையில் வந்த தொடர், பத்திரிகை நின்று போய் 1988இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனம் டிசி மறுபடி எடுத்தபோதுதான் வண்ணம் பூசினார்கள் என்றேன். “அப்போ கறுப்பு வெள்ளையிலேயே விட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, சோபாவில் சாய்ந்து சிறை அத்தியாயத்தைப் பிரித்தான்.