போகணுமா, போறேனா?

போன வாரம் தண்டையார்பேட்டை வீட்டு வாசல்ல வண்டியை உதைச்சுக்கிட்டே, "ஐயோ, வேலைக்குப் போகணுமே"ன்னு முனகினேன். பக்கத்து வீட்டு மாமா திண்ணையில கிழிஞ்ச வலையைத் தச்சுக்கிட்டிருந்தாரு. இப்போ மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் காசிமேட்டு விசைப்படகெல்லாம் கரையிலதான். நிமிர்ந்து கூடப் பாக்காம சொன்னாரு: "நான் போகக் கூடாதுன்னு குந்தினுகிறேன். நீ போகணுமேன்னு அழுவுற. இன்னா பொயப்புடா இது!"

வழியெல்லாம் அதேதான் மண்டையில.

ஏற்றுமதி பில்லு போடற ஆபீஸ்ல பதினாலு வருஷம். ஞாயித்துக்கிழமை போன் வந்தா "சரி சார்." எதுக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. யாரும் கழுத்துல கத்தி வைக்கவும் இல்ல. இஎம்ஐ இருக்கிறவனுக்கு ஏதுப்பா சாய்ஸுன்னு கேப்பீங்க. நியாயம்தான். வேலையை விடற தைரியம் எனக்கும் இல்ல.

ஆனா திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட போய், "ஞாயிறு வரமாட்டேன் சார். கப்பல் கிளம்புற முன்னாடி வர்ற ராத்திரி டூட்டியை நான் எடுத்துக்கறேன்"ன்னேன். உண்மையிலயே அது எனக்குப் பிடிச்ச வேலை. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை, இஞ்சி டீ, கடைசி நிமிஷத்துல கேட் தாண்டற பெட்டி. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிட்டு, "எழுதிக் குடு"ன்னாரு.

இன்னிக்கு ஞாயிறு. போன் வரல. பதினோரு மணி வரைக்கும் ஏன் வரலன்னு நான்தான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.