குச்சி கொடுப்பதற்கு முன்னால்

கோலாட்டம் பழக்கும்போது அடவு தப்புவதைவிட, யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் கலைகிற வரிசைதான் அதிக நேரத்தைத் தின்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைப் பழக்குகிற எல்லோருக்கும் இது தெரியும், "அன்ட்டி, நான் எங்கே?" என்று நாலு பக்கமும் கேட்கும்.

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பக்கம் வேரூன்றிய காண்ட்ரா நடனத்தில் இதற்கு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். அதிலும் நம்முடையது போல இரண்டு நீள வரிசை, ஜோடிகள் எதிரெதிரே. இசைக்குழு இருக்கிற பக்கம்தான் வரிசையின் தலை. அசைவுகளைச் சொல்லி ஆட்டுவிக்கிறவரை காலர் என்கிறார்கள். அவர் ஆளுக்கொரு இடம் காட்டுவதில்லை. தலையில் இருக்கும் இரண்டு ஜோடிகளை நால்வராகக் கைகோக்கச் சொல்வார், அவர்களைப் பார்த்து அடுத்த நால்வர், அப்புறம் அதற்கடுத்த நால்வர் என்று கைகள் கடைசிவரை கோத்துக்கொண்டே போகும். நடுவில் யாராவது அவசரப்பட்டுக் கோத்தால் கணக்கு தப்பி ஒரு ஜோடி இடையில் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் மேலிருந்து தொடங்குங்கள் என்று காலர் விடாமல் சொல்வார். தாமதமாக வருகிறவர்கள் வால் பக்கம்தான் சேர வேண்டும். வரிசை ரொம்ப நீண்டுவிட்டால் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்வார்.

நால்வரில் இசைக்குழுப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றாம் ஜோடி, மற்றவர்கள் இரண்டாம் ஜோடி. பெரும்பாலான ஆட்டங்களில் ஒன்றாம் ஜோடி இருவரும் தங்களுக்குள் பக்கம் மாறி நிற்பார்கள். பாட்டு வருவதற்கு முன் அசைவுகளை ஒருமுறை நடந்து பார்ப்பார்கள். ஒரு சுற்றுக்கு 64 தட்டு. சுற்று முடிந்ததும் ஒன்றாம் ஜோடி வால் பக்கமாகவும், இரண்டாம் ஜோடி தலைப் பக்கமாகவும் நகர்ந்து புது ஜோடியைச் சந்திக்கும். முனையில் மிஞ்சும் ஜோடி ஒரு சுற்று நின்று, பக்கம் மாறி, ஒன்று இரண்டாகவும் இரண்டு ஒன்றாகவும் திரும்ப உள்ளே வரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கைகோப்பதுதான். நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம்தான், தமிழில் இடம் வலம் என்று கத்தினால் பாதிப் பேர் விழிக்கிறார்கள், கைக்கு எந்த மொழியும் வேண்டாம். யாருடன் ஆடப்போகிறோம் என்பது தொட்டவுடனே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

எதிரில் நிற்பவர் மாறிக்கொண்டே வருகிற கோலாட்டத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மேளம் இருக்கிற பக்கத்தைத் தலையாக வையுங்கள், நால்வர் நால்வராகக் கோத்து வால் வரை போகட்டும், மிஞ்சுகிற ஜோடி ஒரு சுற்று நின்ற இடத்திலேயே தாளம் தட்டட்டும். குச்சியை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள், கடைசி நால்வர் கோத்து முடிக்கும்வரை எல்லோர் கையும் காலியாக இருக்க வேண்டும்.