நீத்துப்பெட்டி: ஒருவழியாகக் கூர் நின்றது

நேற்றுப் பின்னேரம் நான் இழைத்த நீத்துப்பெட்டியில் (பிட்டு அவிக்கிற பனையோலைக் கூம்புப் பெட்டி) ஒரு சுண்டு மா பிட்டாக அவிந்து வந்தது. அடுப்பை அணைத்தபின் பானைத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டு மாகூட விழவில்லை. அடிநுனியான கூர் அவிழவும் இல்லை, வாய் கோணவும் இல்லை. மனைவி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பெட்டி பரவாயில்லை, பிட்டுக்குத்தான் உப்புக் காணாது" என்றா. மா குழைத்தது அவதான். ஆகவே கொஞ்சம் புழுகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

பெட்டி, தடுக்கு, சுளகு என்று இழைக்கிறவர்களுக்கு நீத்துப்பெட்டி பெரிய வித்தை இல்லை. பக்கத்து வளவு ஆச்சி ஊர்க்கதை கதைத்துக்கொண்டே ஒன்றை முடித்துவிடுவா. எனக்கு அது வித்தையானதற்குக் காரணம் என் கை. இரண்டு கையிலும் மூட்டுவாதம். முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் கனகாலம் சைக்கிள் திருத்தியவன் நான். இப்போது ஸ்பானரைப் பிடித்தால் விரல் மடங்கின இடத்திலேயே நின்றுவிடும். கடையை மச்சானிடம் கொடுத்தாயிற்று. வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் ஓலையைத் தொட்டேன். ஆம்பிளை பெட்டி இழைக்கிறான் என்று சந்தியில் பகிடி பண்ணினவர்கள் இப்போது அர்ச்சனைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு இல்லை.

என்னை அலைக்கழித்தது பின்னல் இல்லை, நேரம். சார்வோலை, அதாவது பனையின் இளம் ஓலை, விடியப்புறம் பனி ஈரத்தோடு இருக்கும்போது சொன்னபடி மடியும். வெயில் ஏறினால் விறைத்துப்போய் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். வைகாசியில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே அந்த நிலைமைதான். என் கைக்கு இது நேர் எதிர்மாறு. இந்த வருத்தம் உள்ளவர்களுக்குத் தெரியும், விறைப்பு காலையில்தான் கூட. எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் விரல் முழுதாக மடங்காது. சுடுதண்ணீருக்குள் கையை வைத்து, மெல்ல மடித்து நீட்டி, ஒன்பது ஒன்பதரைக்குப் பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையை நம்பித் தூக்கலாம். ஓலை இளகியிருக்கும்போது கை விறைப்பு, கை இளகும்போது ஓலை விறைப்பு.

ஆச்சியிடம் கேட்டால், "தம்பி, ஓலைக்கு நீதான் வெள்ளென எழும்போணும், ஓலை உனக்காக எழும்பாது" என்பா. சரி, எழும்பாவிட்டால் அதைத் தூங்கவே விடாமல் வைத்திருப்போம் என்று இறங்கினேன். வார்ந்த, அதாவது ஒரே அகலத்தில் கீறின ஓலையைப் பின்னேரமே கட்டுக் கட்டாகப் பிரித்து, நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுக் கிணற்றடி நிழலில் வைக்கிறேன். பிழிவதில்தான் விசயம் இருக்கிறது. சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தால் ஓலை தண்ணீர் குடித்து ஊதிவிடும். ஊதின ஓலையில் இழைத்தால் அன்றைக்குப் பெட்டி இறுக்கமாக, வடிவாக இருக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு ஓலையும் ஒடுங்கி, பின்னலுக்குள் வெளிச்சம் தெரியும். அதனால் சாக்கைக் கையால் அமத்தினால் ஈரம் தெரியவேண்டும், தண்ணீர் வரக்கூடாது. பிழிய எனக்குக் கை ஏலாது, சாக்கை மாமரக் கொப்பில் போட்டு முறுக்கித் தடியால் இறுக்குகிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், வேலை நடக்கிறது. இரண்டு இரவுக்கு மேல் வாளிக்குள் விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த புள்ளி விழும், பிறகு அந்த மணம் பிட்டிலும் வரும்.

பத்து மணிக்கு வாளியைத் திறந்தால் விடியப்புற ஓலை கிடைக்கும். ஒரு தடவைக்கு ஏழெட்டு ஓலை மட்டும் எடுத்து, மிச்சத்தை மூடிவிடவேண்டும். காற்றுப் பட்ட ஓலை கதைத்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.

வார்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருவிரல் மூட்டுத்தான் எனக்கு மோசமான இடம், கத்தி பிடித்து வார்வதெல்லாம் நடவாத காரியம். சவர பிளேட்டை இரண்டாக முறித்து, இரண்டு துண்டையும் எட்டு மில்லிமீற்றர் இடைவெளியில் பலகைக்குள் இறுக்கி, பலகையை மேசையில் ஆணி அடித்துவிட்டேன். இப்போது கத்தி அசையாது, ஓலைதான் போகும். ஈர்க்கு நீக்கின ஓலையை உள்ளே கொடுத்து முழங்கையால் பின்னுக்கு இழுத்தால் ஒரே அகலத்தில் வந்துகொண்டேயிருக்கும். விரலுக்கு வேலை இல்லை. பிளேட் கெதியாக மழுங்கும், மழுங்கினால் ஓரத்தில் நார் கிளம்பும், உடனே மாற்றுங்கள்.

இனிக் கூர். நீத்துப்பெட்டி இழைத்தவர்களுக்குத் தெரியும், உயிர் முழுக்க அந்த நுனியில்தான். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் மா பானைக்குள் இறங்கிக் கஞ்சியாகிவிடும். அதற்குப் பயந்து அளவுக்கு மேல் நெருக்கினால் ஓலை முறியும். ஆச்சி அந்த இடத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓலையை ஓட்டுவா. அந்தக் கிள்ளுப் பிடிதான் எனக்கு இல்லை. உடுப்புக் கிளிப் போட்டேன், அது ஓலையில் பள்ளம் விழுத்தியது. மடியில் வைத்து முழங்காலால் நெரித்தால் இடுப்பு பிடித்தது.

கடைசியில் கைகொடுத்தது சைக்கிள்தான். பழைய முன்சில்லின் ஹப் ஒன்றைக் கழற்றி, அச்சு நிமிர்ந்து நிற்கும்படி மரக்குற்றியில் இறுக்கினேன். அதன்மேல் தகரத்தைக் கூம்பாகச் சுருட்டி, கூர் மேலே பார்க்க ஏற்றினேன். (கடையில் விற்கிற டீசல் புனலைக் கவிழ்த்து வைக்கலாமே என்று மச்சான் கேட்டான். புனலின் சரிவு அகலம், பெட்டி தொப்பி மாதிரி வரும், பானை வாய்க்குள் இறங்காது.) தகரத்துக்கு மேல் பழைய சாரத் துணி ஒரு சுற்று, இல்லாவிட்டால் ஓலை வழுக்கும். இப்போது கூர் உச்சியில் இருக்கிறது. ஓலைகள் தங்கள் பாரத்திலேயே நாலு பக்கமும் கீழே தொங்குகின்றன, நான் அவற்றைத் தாங்கத் தேவையில்லை. ஹப்புக்குள் புதுக் குண்டும் கிறீசும் போட்டதால் முழங்கையால் தொட்டாலே கூம்பு திரும்பும். நான் கதிரையில் அசையாமல் இருக்க, பெட்டிதான் சுற்றுகிறது.

கிள்ளுப் பிடிக்குப் பதில் ரியூப். சைக்கிள் ரியூப்பைக் குறுக்கே மெல்லிய வளையங்களாக வெட்டினால் எத்தனையும் கிடைக்கும். கூரில் முதல் மடிப்பு முடிந்ததும் ஒரு வளையத்தை மேலிருந்து மாட்டிவிடுகிறேன், அது நுனியை நெருக்கிப் பிடிக்கும், ஓலையை முறிக்காது. இரண்டு சுற்று இறங்கியதும் அடுத்த வளையம். வாய்ப்பக்கம் அகலம் கூட, அங்கே மோட்டார் சைக்கிள் ரியூப் வேண்டும். வளையத்தை உருட்டி இறக்கலாம் என்பதுதான் இதன் வசதி. உள்ளங்கையைக் கூம்பில் வைத்துக் கீழ்நோக்கித் தேய்த்தால் போதும், விரல் தேவையில்லை. கைவருத்தம் இல்லாதவர்களும் இதைச் செய்து பாருங்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகலாம், திரும்பி வரும்போது அவிழாமல் அப்படியே இருக்கும். எனக்கு இது பெரிய விசயம். அரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இரவில் மணிக்கட்டு நெருப்பாக எரியும். அதனால் மகள் போனில் மணி அடிக்க வைத்திருக்கிறாள். மணி அடித்தால் எழும்பி வளவைச் சுற்றிவர வேண்டும். வராவிட்டால், "அப்பா" என்று ஒரு சத்தம் வரும்.

முடிந்த பெட்டியை உடனே கழற்றாதீர்கள். அச்சிலேயே ஓரிரவு காயவிட்டு, அடுத்த நாள் கூரிலிருந்து வாய்வரை ஒவ்வொரு ஓலையாக இழுத்து இறுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். ஓலை ஒடுங்கி விட்ட இடைவெளி எல்லாம் அதில் அடைபடும். பிறகுதான் விளிம்பு மடிப்பு. முதல் ஆவியை வெறும் பெட்டிக்குக் கொடுத்துப் பச்சை மணத்தைப் போக்கி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

வெள்ளி இரவு எனக்கு மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற். கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுகிற குளிசை, தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கலண்டரில் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிவப்பு வட்டத்தோடு இருக்கின்றன. சனிக்கிழமை வயிற்றைப் பிரட்டும், ஓலை மணமே பிடிக்காது. அன்றைக்கு வாளியைத் திறப்பதில்லை. இந்த மருந்து எடுப்பவர்கள் இழைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓலை விளிம்பு பிளேட்டைப் போல வெட்டும், நோய் எதிர்ப்பு குறைந்த உடம்பில் சின்னக் கீறலும் சீழ் வைக்கலாம். மனைவி சீலைத் துண்டில் விரலுக்கு உறை தைத்துத் தந்திருக்கிறா. கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பிளாஸ்டர்.

கிளினிக் நாளிலும் நாலைந்து ஓலை பையில் போகும். இரத்தம் கொடுத்துவிட்டு முறை வரும்வரை இருக்கிற நேரத்துக்குக் குருவியும் கிலுகிலுப்பையும் போதும். போன தடவை மருந்து வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் மடித்த குருவிக்கு வால் இரண்டு. பக்கத்தில் இருந்த பிள்ளை அதைத்தான் கேட்டு வாங்கியது.

ஓலை எங்கே எடுக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: ஊரில் நின்ற பனை எத்தனையோ சண்டைக்காலத்தில் பங்கருக்கும் காப்பரணுக்கும் தறிபட்டுப் போனது. மீளக்குடியேறி 2010இல் வளவு எல்லைக்குப் போட்ட விதைகள் இன்றைக்கு வடலியாக, இளம் பனையாக நிற்கின்றன, நிலத்தில் நின்றே சார்வு வெட்டலாம். ஏறுகிற ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு வடலியில் ஒன்றுக்கு மேல் வெட்ட ஆச்சி விடமாட்டா, வடலி கூழைப்பட்டுப் போகுமாம். அது காணாதபோது பூநகரியில் இருக்கிற பெறாமகன் கட்டி அனுப்புவான். பூநகரி ஓலை நீளம், நிறமும் வெள்ளை. பரந்தன் வழியாக பஸ்ஸில் வரும்போது யாரோ அதற்கு மேல் அரிசி மூட்டையை வைத்துவிடுகிறார்கள், நடுவில் மடிந்த ஓலையால் ஒரு பிரயோசனமும் இல்லை. குழாய்க்குள் சுருட்டிப் போட்டு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

சின்ன நீத்துப்பெட்டி ஒன்று மனைவி கேட்டிருக்கிறா, இது எங்கள் மூன்று பேருக்கு அளவு கூடவாம். அதற்கு அச்சுத் தகரம் வெட்டியபடியே கிடக்கிறது. ஏனென்றால் அதற்குள் நான் கடகத்தில், பெரிய ஓலைக் கூடையில், கை வைத்துவிட்டேன். வைகாசி விசாகத்தோடு வருகிற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வளந்துப் பானை, அரிசி, தேங்காய் எல்லாம் சொந்தக் கடகத்தில் கொண்டுபோகவேண்டும் என்று ஒரு பிடிவாதம். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புத்தண்ணீர் விளக்கு எரிகிற கிழமையே ஊரெல்லாம் தயாராகிவிடும், நானும் அதற்குள் முடிக்கவேண்டும். சனத்துக்குள் இடிபட்டு நிற்க இப்போது முடியாது. பொங்கல் நாளான திங்கள் வெள்ளெனப் போய், நந்திக்கடல் பக்கம் மரநிழலில் பாயைப் போட்டுவிட்டால், மனைவியும் மகளும் பொங்க, நான் அடுப்புக்கு விறகு தள்ளலாம். அந்த வேலைக்கு விரல் போதும்.

கடகத்தின் அடிச் சதுரமும் இரட்டைப் பின்னலும் வந்துவிட்டன. நின்றுபோனது வாயில், நாரால் பொத்துகிற (தைக்கிற) இடத்தில். மட்டை நாரை ஊறவைத்து, குத்தூசியால் துளைத்து, ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்து இழுக்க வேண்டும். ரியூப் வளையம் அங்கே சரிவராது. குறட்டால் இழுத்தேன், நார் நசிந்து பிளந்தது. குறட்டின் வாய்க்குப் பழைய பிறேக் கட்டை ரப்பரை ஒட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், மச்சானிடம் இரண்டு சோடி கேட்டிருக்கிறேன். கையை நோகாமல் கடகம் பொத்துகிற முறை யாருக்காவது தெரிந்தால் பொங்கலுக்கு முன்னம் சொல்லுங்கள். "ஆச்சியிட்டக் குடு, அவ பொத்தித் தருவா" என்று மட்டும் சொல்லவேண்டாம், அதை வீட்டில் இருவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.