பாத்ரூம் வாசல்ல ஒரு பிரார்த்தனை

2019 கடைசில ஜெருசலேம்ல ஒரு பெரியவர பாத்துக்கற வேலைக்கு போய் சேர்ந்தேன். இந்த வேலை பாக்கறவங்கள அங்க மெதாபெல்னு சொல்வாங்க. குளிப்பாட்டணும், மாத்திரை குடுக்கணும், ராத்திரி எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டு போகணும், அவ்ளோதான். அவருக்கு 87 வயசு, ரிட்டயர்டு வாத்தியார், ஸாபான்னு கூப்பிடுவேன், தாத்தான்னு அர்த்தம்.

மொத நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்ரூம் போயிட்டு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச ஒரு செம்புல கை கழுவிட்டு, வாக்கர புடிச்சுகிட்டு வாசல்லயே நின்னு ஏதோ முணுமுணுக்கறாரு. தலை சுத்துது போலன்னு தோள புடிச்சேன், ஒரு விரல தூக்கி இருன்னு காட்டுனாரு. காலைல கேட்டா அது ஆஷேர் யாட்ஸார்னு ஒரு யூத ஜெபமாம், ஒவ்வொரு தடவ பாத்ரூம் போயிட்டு வந்ததும் சொல்வாங்களாம். மனுஷன் ஒடம்புல ஓட்டைகளயும் குழாய்களயும் அறிவோட படைச்சவனே, இதுல ஒன்னு தெறந்துகிட்டாலோ ஒன்னு அடைச்சுகிட்டாலோ ஒன் முன்னாடி நிக்க முடியாதேன்னு போகுது. ஊர்ல ஆறு வருஷம் வார்டுல நர்ஸா இருந்தவன் நான், மூத்திரம் அடைச்சா என்ன ஆகும்னு எனக்கு தெரியும், ஆனா நம்ம வீட்ல சாமி ரூம் ஒரு மூலைல இருந்தா கக்கூஸ் எதிர் மூலைல இருக்கும், ரெண்டையும் சேத்து யோசிச்சதே இல்ல.

2020 ஜனவரி 5ஆம் தேதி தாஃப் யோமி புது சுற்று ஆரம்பிச்சது, யூதங்களோட சட்ட விவாதமெல்லாம் இருக்கற தால்முட்ங்கற பழைய நூல்ல தினம் ஒரு ஏடுன்னு 2711 ஏடு, முடிக்க ஏழரை வருஷம் கிட்ட ஆகும். நமக்கு ஏழரைன்னா சனிதான் ஞாபகம் வரும், இவரு 87 வயசுல ஒன்னாங்கிளாஸ் பையன் மாதிரி பென்சில் சீவி வச்சுகிட்டு ஒக்காந்துட்டாரு. கூட படிக்க ஒரு ஃப்ரெண்டு தினம் வருவாரு, அப்படி ஜோடி போட்டு படிக்கறதுக்கு ஹாவ்ரூத்தான்னு பேரு. ரெண்டு கிழவரும் மேஜைய தட்டி கத்துற கத்துல மொத வாரம் நான் பிபி மெஷின எடுத்துட்டு ஓடுனேன். மார்ச்ல அந்த ஆஷேர் யாட்ஸார் வர்ற ஏடே வந்துச்சு, என்ன கூப்பிட்டு எழுத்த தொட்டு காட்டுனாரு.

அப்பறம் கொரோனா, அதோட ஸாபாவுக்கு ப்ராஸ்டேட் அடைச்சு, மூத்திரம் பைக்கு எறங்கற கதீட்டர் ட்யூப் போட வேண்டியதாச்சு. ஆகஸ்ட்ல ஒரு நாள் அவரும் ஃப்ரெண்டும் மாஸ்க் போட்டுகிட்டு பால்கனில தள்ளித் தள்ளி ஒக்காந்து படிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. அன்னைக்கு ஏட்டுல, ஹில்லேல், ஷம்மாய்னு ரெண்டு பழைய யூத குருமாரோட பள்ளிக்காரங்க, மனுஷன் படைக்கப்பட்டது நல்லதா, படைக்கப்படாமலே இருந்திருந்தா நல்லதான்னு ரெண்டரை வருஷம் வாதாடுனாங்களாம். கடைசில ஓட்டு எடுத்தாங்களாம், ஷம்மாய் பக்கம் சொன்ன மாதிரி படைக்கப்படாம இருந்திருந்தா நல்லதுன்னு முடிவாச்சாம், படைச்சாச்சு, இனி அவன் தன் செயல்கள ஆராயட்டும்னு விட்டுட்டாங்களாம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, எங்கம்மா மாசக் கடைசில மளிகைக் கணக்கு பாக்கும்போது இதே முடிவுக்குத்தான் வருவாங்க, அதுக்கு அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஸாபாகிட்ட சொன்னேன், ஒங்கம்மா ஷம்மாய் பள்ளின்னாரு.

அன்னைக்கு அதவிட பெரிய சண்டை வேற ஒன்னு. கதீட்டர்ல சொட்டு சொட்டா தானா எறங்கிட்டே இருக்கே, அப்ப ஜெபத்த எப்ப சொல்றது? காலைல ஒரு தடவ சொன்னா நாள் முழுக்க போதும்னு ஃப்ரெண்டு. பை நெறஞ்சு காலி பண்ணும்போதெல்லாம் சொல்லணும்னு ஸாபா. ஒரு மணி நேரம் அடிச்சுகிட்டு, கடைசில ஃப்ரெண்டு கைய விரிச்சு தேய்கூன்னாரு. அந்த வார்த்தை எனக்கு முன்னாடியே தெரியும், டிவில ஃபுட்பால் மேட்ச் டிரா ஆனா அங்க தேய்கூன்னுதான் சொல்வாங்க. தால்முட்ல தீராத கேள்விக்கெல்லாம் கீழ இந்த வார்த்தைய போட்டு, அப்படியே நிக்கட்டும்னு அடுத்ததுக்கு போயிடுவாங்களாம்.

ராத்திரி பைய காலி பண்ணேன். எவ்ளோன்னு கேட்டாரு, 450ன்னேன். செம்ப கொண்டா, கை கழுவணும்னாரு. நோட்ல அளவ எழுதிட்டு, அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் லைட்ட அணைக்காம நின்னேன்.