எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்த தீசிஸ் ப்ரோட்டோகால்

சென்னை என்ஐஇ (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்தும் ஆராய்ச்சி முறை இணையப் படிப்பில் சிக்கல் ஏதும் இல்லை; தேர்வும் முடிந்தது. எங்கள் தீசிஸ் ப்ரோட்டோகாலுக்கு, அதாவது ஆய்வுத் திட்டத்துக்கு, அடி விழுந்தது ஆய்வுக்கு நெறிமுறை அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில்தான்.

முதல் முறை சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வில் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. வளரிளம் பருவத்தினரிடம் ரத்த சோகை பற்றிய ஆய்வு. வயது 10 முதல் 17. சூத்திரம் வழக்கமான 4 பி கியூ பை டி ஸ்கொயர். பி என்பது நூற்றில் எத்தனை பேருக்கு ரத்த சோகை இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, கியூ நூற்றில் மீதி, டி அனுமதிக்கும் பிழை அளவு. பி 20 சதவீதம், டி 5 என்று வைத்து 256 பேர் என்று போட்டிருந்தது. ஆனால் பக்கத்திலேயே '20 சதவீத ரிலேட்டிவ் பிரிசிஷன்' என்ற வரி. அப்படியென்றால் டி என்பது பி-யில் 20 சதவீதம். 20-இல் 20 சதவீதம் 4. அப்படிப் பார்த்தால் 400 பேர் வேண்டும். வேறொரு தீசிஸிலிருந்து அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு. அடுத்த கூட்டம் வரை இரண்டு மாதம் வீண்.

இன்னொன்று. பதில் தராதவர்களுக்காக 10 சதவீதம் சேர்க்கும்போது 256-ஓடு கூட்டி 282 என்று எழுதாதீர்கள். 0.9-ஆல் வகுக்க வேண்டும், 285 வரும். 282 பேரில் பத்தில் ஒருவர் விலகினால் 254-தான் மிஞ்சும்.

இரண்டாம் முறை தமிழ் ஒப்புதல் படிவம். பெற்றோர் கையெழுத்து மட்டும் இருந்தது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையிடம் வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம் தனியாக வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குச் சாட்சி கையெழுத்திடும் இடமும் விட்டுப்போயிருந்தது. அந்தச் சாட்சி ஆய்வுக் குழுவில் இருக்கக் கூடாது. '2 மில்லி ரத்தம்' என்றால் பலருக்கு விளங்காது, 'அரை டீஸ்பூனுக்கும் குறைவு' என்று சேர்த்தோம். படிவத்தைத் துறைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் முதல் படிவம் அதில் தேறவில்லை.

அனுமதிக் கடிதம் கையில் வந்ததும் ஆள் சேர்க்க ஓட வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ, 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவை, அதாவது முதல் ஆளைச் சேர்க்கும் முன் செய்யும் பதிவை, மட்டுமே ஏற்கிறது. கடிதத்திலும் விண்ணப்பத்திலும் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். எங்களுக்கு ஒரு சொல் மாறியதற்கே கேள்வி வந்தது.

பதிவு எண் வந்த மறுநாள் காலை முதல் பிள்ளையைச் சேர்த்தோம். வயது 13, தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டாள்.