டெக்ஸா ஸ்கேன் எடுத்த அனுபவம்
எனக்கு 43 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இவை இரண்டையும் கேட்டதுமே எலும்பு டாக்டர், "வலி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்மா, டெக்ஸா எடுத்துடலாம்" என்றார். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று எக்ஸ்ரே மூலம் அளக்கும் ஸ்கேன் இது. பொதுவாக 65 வயதான பெண்களுக்குச் சொல்வார்கள். மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்கள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் அதற்கு முன்பே தேவைப்படலாம்.

ஏற்கெனவே ஓர் இலவச முகாமில் என் குதிகாலைச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்து "நார்மல்" என்று சீட்டு கொடுத்திருந்தார்கள். டாக்டர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அது அல்ட்ராசவுண்ட், அதை வைத்து எலும்புப்புரை (எலும்பு மெலிந்து சுலபமாக முறியும் நோய்) இல்லை என்று முடிவு கட்ட முடியாது, இடுப்பையும் முதுகுத்தண்டையும் டெக்ஸாவில் பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சீட்டை நம்பி நிம்மதியாக இருக்கும் பெண்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. முந்தின நாளிலிருந்து கால்சியம் மாத்திரை மட்டும் வேண்டாம் என்றார்கள். சமீபத்தில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊக்கு, கொக்கி எல்லாம் கழற்றிவிட்டு கவுன் போட்டுக்கொண்டேன்.

திறந்த மேஜைதான், குகை மாதிரி உள்ளே போகும் மெஷின் இல்லை. முதலில் கால்களைப் பெரிய ஸ்பாஞ்ச் கட்டை மேல் தூக்கி வைத்தார்கள். முதுகு மேஜையில் நன்றாகப் படிந்தது. அப்புறம் இடுப்புக்காகப் பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பட்டை போட்டுக் கட்டினார்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி அப்போதுதான் சரியாகத் தெரியுமாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சிரமம், சொன்னால் மெதுவாகத் திருப்புவார்கள். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் மார்பு எக்ஸ்ரேயை விடக் குறைவு.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு நம் எலும்பு அடர்த்தியை ஒப்பிட்டுச் சொல்லும் எண். மைனஸ் 1 வரை நார்மல், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு. எனக்கு முதுகில் மைனஸ் 1.9, தொடை எலும்புக் கழுத்தில் மைனஸ் 2.7. முதுகெலும்பு தேய்ந்து ஓரங்களில் முள் வளர்ந்திருந்தால் அங்கே அடர்த்தி கூடுதலாகக் காட்டும் என்று டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். முதுகை மட்டும் எடுத்திருந்தால் என் நோய் தெரியாமலே போயிருக்கும்.

வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். பல்லையும் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். இப்போது எலும்பு மெலிவதைத் தடுக்க வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மி.கி.: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது.

அடுத்த ஸ்கேனையும் இதே மெஷினில்தான் எடுக்க வேண்டும். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. நீங்கள் போகும்போது இடுப்பு, முதுகு இரண்டும் எடுப்பார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.