தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி: வாரிசு பெயருக்கு மாற்றும்போது இடறும் இடங்கள்

பரணில் கிடக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, லைசென்ஸ்காரர் காலமான பிறகுதான் வீட்டில் பேச்சாகிறது. குழல் வாய் வழியே கரிமருந்து கெட்டிக்கும் பழைய சாமான், இதற்குமா லைசென்ஸ் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடியோ பார்த்தவர்கள். அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகையில் பெரும்பாலானவற்றைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் 1959 ஆயுதச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெடிமருந்தின் விசையில் குண்டையோ ரவையையோ தள்ளினால் அது துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

"புராதனப் பொருள்" என்று தப்பிக்க 45-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதை முழுதாகப் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். கேப்பு (சுத்தி தட்டினால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) செருகும் முனை துருவேறி அடைத்திருப்பது போதாது. கொல்லர் அரைமணியில் சரிசெய்துவிடுவார். சொல்லப்போனால் அந்தக் கொல்லரிடம் கொடுப்பதே தவறு. பழுது பார்ப்பவருக்கும் 5-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனிக் குற்றம்.

முதல் வேலை, கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. கேப்பு இருந்தால் எடுத்துவிட்டு, குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, இடிகம்பியை (மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கம்பி) மெதுவாக உள்ளே விடுங்கள். வாய் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கம்பி முனை கேப்பு முனைக்கு நேராக வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ளுங்கள். காய்ந்த கரிமருந்து பல ஆண்டுகள் கழித்தும் பற்றும். சுட்டுக் காலி செய்யப் பார்க்காதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒப்படைப்பதில்தான் நிறையப் பேர் தாமதிக்கிறார்கள். 21-ஆம் பிரிவின்படி தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ வைக்க வேண்டும். ரசீதில் குழலில் பொறித்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் ஓர் எண், குழலில் வேறு எண் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு மனு. மாவட்டங்களில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர். ஏ-1 படிவத்துடன் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லைக் கடிதம், மருத்துவச் சான்று, பழைய லைசென்ஸ், ஒப்படைத்த ரசீது எல்லாம் சேர வேண்டும். ஒரு அத்தை கையெழுத்து போடாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். மனுதாரருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற வரம்பு பரம்பரைத் துப்பாக்கிக்கும் பொருந்தும். உரிமக்காரர் உயிரோடு இருந்தால், 70 வயதாகியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். இது எவ்வளவோ சுலபம், பலருக்குத் தெரிவதில்லை.

காரணம் எழுதும் இடத்தில் கவனம். வாய்வழித் துப்பாக்கிக்குச் சட்டம் தனியாகச் சொல்லும் பயன் பயிர்ப் பாதுகாப்பு, அதாவது 13(3)-ஆம் பிரிவு. அப்படி எழுதினால் சிட்டா, அடங்கல் இணையுங்கள். நிலம் விற்றுப்போயிருந்தால் அந்தக் காரணம் நிற்காது.

லைசென்ஸ் கையில் வந்ததும் பன்றி சுடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம் என்று 2025-இல் அறிவித்ததும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களுக்குத்தான், விவசாயிக்கல்ல. வெற்று மருந்தும் கேப்பும் போட்டு ஓசை எழுப்பி விரட்டத்தான் பலருக்கும் இது உதவுகிறது.

புதுப்பிப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறை. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். திரும்ப வாங்கும்போது இடிகம்பியும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், அதுதான் அடிக்கடி காணாமல் போகிறது.